குரூ லிஸ்டில் இன்னொரு மச்சாது

கப்பலில் ஏறியதும் மற்றவர்கள் அறைச் சாவியைக் கேட்பார்கள். பாஸ்கல் மச்சாது நேரே மெஸ் வாசலுக்குப் போய் குரூ லிஸ்டைப் படிப்பார். கப்பலில் வேலை பார்க்கும் எல்லாருடைய பெயரும் வேலையும் நாடும் அச்சடித்து ஒட்டிய ஒற்றைத் தாள் அது. இருபது, இருபத்திரண்டு பெயர் இருக்கும். உக்ரைன்காரன், பிலிப்பைன்ஸ்காரன், வங்காளி என்று ஒவ்வொருவராகத் தாண்டி அவருடைய விரல் கீழே இறங்கும். ஒரு பர்னாந்து, ஒரு கொரைரா, ஒரு ரொட்ரிகோ என்று ஏதாவது தட்டுப்பட்டால் விரல் அங்கேயே நிற்கும். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறையைத் தேடிப் போவார்.

போர்ச்சுக்கீசியர் வந்து ஞானஸ்நானம் கொடுத்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்கள் இவை. கொடுத்தவன் கப்பலேறிப் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பெயர் மட்டும் வேம்பாரிலிருந்து பெரியதாழை வரைக்கும் கரையோரமாகத் தங்கிவிட்டது. எந்தக் கடலில் எந்தக் கொடி கட்டிய கப்பலில் பார்த்தாலும், அந்தப் பெயர்க்காரன் பாஸ்கலுக்குப் பாதிச் சொந்தம். மீதிப் பாதியைப் பத்து நிமிஷப் பேச்சில் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் மாமியார் எந்த ஊர், உங்கள் சித்தப்பாவை எங்கே கட்டிக் கொடுத்தது என்று போய், கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் வந்து முடியும் அந்தப் பேச்சு.

இதை அசட்டுத்தனம் என்று சொல்லிவிட முடியாது. முப்பது வருஷம் அவருக்குப் பலித்த கணக்கு அது. பிரேசில் துறைமுகத்தில் காய்ச்சலில் கிடந்தபோது ஒன்பது நாள் அவருடைய முறையையும் சேர்த்து இயந்திர அறையில் நின்று பார்த்தவன் ஒரு கொரைரா. ராட்டர்டாம் குளிரில் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவன் ஒரு பர்னாந்து. இவர் நானூறு டாலர் கைமாற்றுக் கொடுத்த மணப்பாட்டுப் பையன் ஒருவன், இரண்டு வருஷம் கழித்து வீட்டைத் தேடி வந்து எமில்டாவின் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். எமில்டா அவருடைய மனைவி. புருஷன் சொல்லாத கடனைக் கண்டுபிடித்த கோபத்தில் அந்தப் பையனுக்குக் காப்பி கொடுக்க மறந்துவிட்டாள். அதை அவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

பாஸ்கலுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. கப்பல் இயந்திர அறையில் மோட்டார்மேன். எண்ணெயும் சூடும் தின்ற உடம்பு. காது பாதி மந்தம். இருபத்தாறு வருஷம் ஒரே நல்ல கம்பெனியில் இருந்தார். அவர்கள் கப்பல்களில் பாதியை விற்றபோது வயதானவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றரை வருஷம் ஏஜென்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவன் பெயரைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடுவார்கள். கடைசியில் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு ஏஜென்டு மூலமாக ஒரு பழைய எண்ணெய்க் கப்பலில் ஏறினார். பின்பக்கத்தில் அதன் பெயரை மூன்று முறை அடித்து நான்காவது முறை எழுதியிருந்தார்கள். அதில் பறந்த கொடி எந்த நாட்டுடையது என்று கேப்டனே தயங்கித்தான் சொன்னார்.

அந்தக் கப்பலில் சம்பளம் வங்கிக்கு வராது. போனுக்கு வரும். ஒரு காசு ஒரு டாலருக்குச் சமம் என்று சொல்லப்படும் கிரிப்டோ. கண்ணால் பார்க்க முடியாது, கையில் எடுக்க முடியாது, திரையில் எண்ணாகத் தெரியும். ஏழு மாதம் கழித்து அவர் இறங்கியபோது போனில் ஆறாயிரம் காசு இருந்தது. வேர்வை சிந்திச் சம்பாதித்த சம்பளம். அதை எப்படி ரூபாயாக்குவது என்று கேட்டால் ஏஜென்டு சிரித்தான், அது ரொம்ப ஈசி என்றான்.

தூத்துக்குடிக்கு வந்த மூன்றாம் வாரம், மே மாதத்தில், பழைய கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. புதிதாக இரண்டு கப்பல் வாங்கியிருக்கிறார்கள். அவரோடு வேலை பார்த்த சீஃப் எஞ்சினியர் பெயரைச் சொல்லி அவரைக் கேட்டிருக்கிறார். ஆகஸ்ட் பத்தாம் தேதி சிங்கப்பூரில் ஏற வேண்டும். பாஸ்போர்ட்டில் ஐந்து மாதம்தான் பாக்கி இருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு சான்றிதழ்களுக்கு மறுபடி கோர்ஸ் போக வேண்டும். அந்தக் கடிதத்தை அவர் எமில்டாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினார். இந்த வாய்ப்பு நழுவினால் இன்னொன்று வராது என்பது இருவருக்குமே தெரியும். இன்னும் நான்கு வருஷம் அந்தக் கம்பெனியில் ஓட்டிவிட்டால், மரியாதையாகக் கரையேறிவிடலாம். பெயர் மாற்றி ஓடும் கப்பலில் சாக வேண்டியதில்லை.

அதனால்தான் அவசரமாகக் காசை ரூபாயாக்கப் புறப்பட்டார். புதுச் சட்டப்படி அரசாங்கத்தில் பதிவு செய்த இடத்தில்தான் மாற்ற வேண்டும் என்று படித்திருந்தார். குறுக்கு வழியே வேண்டாம், சட்டப்படியே போவோம் என்று ஒரு செயலியில் பதிந்தார். அது அவர் முகத்தைப் படம் பிடித்தது. கண் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். தலையை இடது பக்கம் திருப்பச் சொன்னது, திருப்பினார். எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டது. வங்கிக் கணக்கு அவருடையதுதானா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தது. விற்கும்போது நூற்றுக்கு ஒரு ரூபாய் வரிப்பிடித்தம் என்றது. எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டது. இந்தக் காசு எங்கிருந்து வந்தது? சம்பளம் என்று எழுதினார். அப்படியானால் கம்பெனியின் கடிதம் வேண்டும் என்றது.

கம்பெனி என்று ஒன்று இருந்தால்தானே கடிதம்? ஒப்பந்தத்தில் போட்டிருந்த முகவரிக்கு எழுதினார், திரும்பி வந்தது. ஏஜென்டின் போன் அணைந்து கிடந்தது. நான்கு நாள் கழித்து செயலி அவருடைய காசை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று கைவிரித்துவிட்டது. கள்ளனுக்குப் போட்ட சட்டம். கள்ளன் எல்லாக் கடிதத்தையும் தயாராகத்தான் வைத்திருப்பான். கடிதம் இல்லாமல் நிற்பவன் பாஸ்கல் மாதிரி ஆள்தான்.

இன்னொரு செயலி இருந்தது. அதுவும் பதிவு செய்ததுதான், ஆனால் கடிதம் கேட்கவில்லை. அங்கே செயலி நடுவில் நிற்கும், விற்பவனும் வாங்குபவனும் நேருக்கு நேர். வாங்குகிறவன் இவர் கணக்குக்கு ரூபாய் அனுப்புவான். வந்துவிட்டது என்று இவர் சொன்னதும் காசு அவனுக்குப் போகும். வாங்க விரும்புகிறவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் அரசாங்க அடையாள அட்டையோடு சரிபார்த்த முழுப்பெயர் என்று பச்சை அடையாளம் வேறு.

பாஸ்கல் அந்தப் பட்டியலைப் பார்த்தார். முப்பது வருஷத்துப் பழக்கம் சும்மா இருக்குமா? விரல் தானாகக் கீழே இறங்கியது. குப்தா, ஷேக், பாட்டீல், சிங் எல்லாரையும் தாண்டியது. இரண்டாம் நாள் மாலை ஒரு பர்னாந்து அகப்பட்டான். இரண்டாயிரம் காசு விற்றார், பணம் ஐந்து நிமிஷத்தில் வந்தது. அதில்தான் கோர்ஸுக்குப் பணம் கட்டினார். அடுத்த வாரம் ஒரு கொரைரா. அதுவும் சுத்தமாக முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த எமில்டாவிடம் தன் சாமர்த்தியத்தைப் பெருமையடித்துக்கொண்டார்.

“மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாக்குதிய. இங்க பேரை மட்டும் பாத்துக் குடுக்குதிய” என்றாள் எமில்டா.

அவர் சிரித்தார். அவளுக்குக் கப்பல் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் வியாதிதான். கடல் தெரிந்தவனுக்குக் கரை எல்லாமே தெரியும் என்கிற வியாதி.

மூன்றாவதாக வந்த பெயர் ஜோன்ஸ் மச்சாது. தன்னுடைய பெயரையே பட்டியலில் பார்த்ததும் மனுஷனுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. செயலியில் பேசிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி உண்டு. நம்ம ஆளா, எந்த ஊரு என்று தமிழில் எழுதிக் கேட்டார். பதிலுக்குக் கட்டை விரல் உயர்த்திய படம் ஒன்று வந்தது. நம்ம ஆள் என்றால் எந்த ஊரு என்பதற்கு ஒரு வார்த்தை எழுத மாட்டானா? அதை அவர் யோசிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்று அவனுக்காக அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்சம் கணக்கில் விழுந்தது. கடைசி இரண்டாயிரம் காசும் கையைவிட்டுப் போனது.

பதினோராம் நாள் மருந்துக் கடையில் கார்டு வேலை செய்யவில்லை. வங்கிக்குப் போனார். மேனேஜர் பெண்மணி நல்ல மாதிரி, உட்காரச் சொன்னாள். வடக்கே ஒரு மாநிலத்தின் சைபர் போலீஸ் அவர் கணக்கை முடக்கச் சொல்லியிருக்கிறார்களாம். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தியைப் போலீஸ் வேஷத்தில் போனில் மிரட்டிப் பத்தொன்பது லட்சம் பறித்திருக்கிறது ஒரு கும்பல். அந்தப் பணம் நாலைந்து கணக்குகளில் பிரிந்து ஓடி, ஒரு பங்கு ஜோன்ஸ் மச்சாது கணக்கிலிருந்து பாஸ்கல் மச்சாது கணக்குக்கு வந்திருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஈடாக என் சம்பளத்தைக் கொடுத்தேன் என்று சொன்னார் பாஸ்கல். என்னிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை சார், அவர்களிடம் சொல்லுங்கள் என்று ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள் அந்தப் பெண்மணி.

அந்த நம்பரில் பேசிய அதிகாரி, கப்பலில் பழகிய அரைகுறை இந்தியில் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். அனுப்பினவனும் மச்சாது, வாங்கினவனும் மச்சாது, நீங்கள் ஒரே குடும்பம்தானே? இல்லை என்றார் பாஸ்கல். நேரில் வந்து சொல்லுங்கள் என்று போனை வைத்துவிட்டார் அதிகாரி. நான்காம் நாள் நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அதே வாரம்தான் பாஸ்போர்ட்டுக்காக உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வந்தார்கள். வந்த ஏட்டு தெரிந்த மனிதர்தான். வெளியூர்ப் போலீஸில் விசாரணை இருப்பதைக் கம்ப்யூட்டர் காட்டுகிறது, அதை முடித்து ஒரு காகிதம் வாங்கி வந்தால் நல்லபடியாக எழுதி அனுப்புகிறேன் என்றார்.

ஆக, ஆகஸ்ட் பத்தாம் தேதிக் கப்பல் அந்த ஒரு காகிதத்தில் வந்து நின்றது. குடும்பம் இல்லை, கூட்டு இல்லை என்று வடக்கே நிரூபித்தால் கப்பல் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

புறப்படுவதற்கு முன்னால் பாஸ்கல் ஒரு காரியம் செய்தார். செய்திருக்கக் கூடாது. அந்த ஜோன்ஸ் யார் என்று கண்டுபிடிக்கக் கிளம்பினார். கடற்கரையில் ஒரு மச்சாதுவைக் கண்டுபிடிப்பது என்ன பெரிய வித்தை? இரண்டு போனில் ஆள் அகப்பட்டான். புன்னைக்காயல், கடற்கரைத் தெரு, இருபத்தொரு வயது, டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடுகிறவன். பேரைப் பார்த்து நம்ம ஆள் என்று முடிவு கட்டினாரே, அதில் ஒரு தப்பும் இல்லை. அசல் நம்ம ஆள்தான். அடையாள அட்டை அசல், கண் சிமிட்டிய முகம் அசல், ஒரு ரூபாய் போய்ச் சேர்ந்த கணக்கும் அசல். சட்டம் கேட்ட எல்லாமே ஜோன்ஸிடம் இருந்தது.

சட்டையைப் பிடித்து உலுக்குகிற கோபத்தில்தான் பஸ் ஏறினார். வீட்டில் ஜோன்ஸும் அவன் அம்மா அந்தோணியம்மாளும் இருந்தார்கள். நண்டு கம்பெனியில் சதை பிரிக்கப் போகிறவள். விரல் நுனியெல்லாம் ஓடு கிழித்த கீறல். பையன் சுவரோடு ஒட்டி நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தூத்துக்குடியில் பழக்கமான ஒருவன் கேட்டானாம். செயலியில் முகத்தைக் காட்டிப் பதிந்துவிட்டு, வங்கிக் கணக்கு, கார்டு, சிம் மூன்றையும் மூன்று மாதத்துக்குக் கொடுத்தால் பத்தாயிரம். கொடுத்துவிட்டானாம். கட்டை விரல் படம் அனுப்பியது யார் என்று அவனுக்கே தெரியாதாம்.

பாஸ்கல் திட்ட வாயெடுப்பதற்குள் அந்தோணியம்மாள் அவருடைய ஐயா பேரைக் கேட்டாள். சொன்னார். ஐயாவின் அக்காளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தது என்று கேட்டாள். அதையும் சொன்னார். பத்து நிமிஷம் ஆகவில்லை. அவருடைய அத்தையின் நாத்தனாரும் அவளுடைய அம்மாச்சியும் சம்பந்தக்காரர்கள் என்று தெரிந்துவிட்டது. கப்பலில் எத்தனையோ பேரிடம் இவர் விரித்த வலை இது. இந்த முறை அவரே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். டீ வந்தது, குடித்தார். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கருவாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார்.

வாசலில் வைத்துத்தான் அந்தோணியம்மாள் விஷயத்துக்கு வந்தாள். “அண்ணாச்சி, நீங்க நம்ம ஆளு. அங்கன போய் கேட்டா எங்களத் தெரியாதுன்னு சொல்லிருங்க. எம் புள்ள வாழ்க்கையே போயிரும்.”

அவன் யார் என்று வடக்கே போலீஸிடம் சொல்லியிருந்தால் பாஸ்கலுக்கு நல்லது. கணக்கை வாடகைக்கு விட்டவன், எனக்கும் அவனுக்கும் ஒன்றும் இல்லை, இதோ விலாசம் என்று கையைக் காட்டிவிட்டு வந்திருக்கலாம். எமில்டா அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் கொரைரா ஒன்பது நாள் முறை பார்த்தபோது கணக்குப் பார்த்தானா, பர்னாந்து கோட்டைக் கழற்றியபோது யோசித்தானா என்றெல்லாம் அவருக்கு ஓடியிருக்கிறது. இருபத்தொரு வயதுப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கக் கை வரவில்லை.

“சரி தங்கச்சி, சொல்லல” என்றார்.

ஜூலை கடைசியில், பனிமய மாதா கோயிலில் கொடி ஏறிய இரண்டாம் நாள் ரயில் ஏறினார். எத்தனையோ வருஷம் கடலில் இருந்து தவறவிட்ட திருவிழா, இந்த வருஷம் ஊரில் இருந்தும் தவறியது. மூன்று நாள் பயணம். அந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் காலையிலிருந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய அம்மாள் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். எழுபது வயது இருக்கும். காவலர் ஒருவர் அவளிடம் குனிந்து ஏதோ சொல்ல, அவள் திரும்பிப் பாஸ்கலைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. என் பணத்தை எப்போது தருவாய் என்று இந்தியில் மெதுவாகக் கேட்டாள். அவருக்குக் காது மந்தம்தான். அது மட்டும் தெளிவாகக் கேட்டது. நான் எடுக்கவில்லை அம்மா என்று சொல்ல வந்து, அவள் பணம் இன்னும் தன் கணக்கில்தானே கிடக்கிறது என்று நினைவு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அப்படி ஒரு வெட்கத்தை அவர் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். டீ வரவழைத்துக் கொடுத்தார். மேஜையில் ஒரு தாள் இருந்தது. மேலிருந்து கீழே பெயர்கள், பெயர்களுக்கு நடுவே அம்புக்குறிகள். கடைசி இரண்டு பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரே வட்டம் போட்டிருந்தது. மச்சாது, மச்சாது.

உறவா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றார் பாஸ்கல். அந்தப் பெயர் எங்கள் கரையில் ஆயிரக்கணக்கான பேருக்கு உண்டு என்று, ஞானஸ்நானத்திலிருந்து தொடங்கி, தெரிந்த இந்தியில் விளக்கினார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். நம்பிவிடுவார் போலத்தான் இருந்தது. பிறகு, இந்த ஜோன்ஸைத் தெரியுமா, எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பாஸ்கலுக்கு அந்தோணியம்மாளின் கீறல் விழுந்த விரல்கள் நினைவுக்கு வந்தன.

“தெரியாது சார். பார்த்ததே இல்லை.”

அதிகாரி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். நான்கு நாளைக்கு முன்னால் அவர்கள் ஆட்கள் புன்னைக்காயலுக்கே போய் எடுத்த வீடியோ. அதே வீடு, அதே சுவர். ஜோன்ஸ் பேசுகிறான். “பாஸ்கல் மாமா எங்களுக்குச் சொந்தம். எல்லாம் அவருக்குத்தான் தெரியும். போன வாரம்கூட வீட்டுக்கு வந்துட்டுப் போனாரு.” பின்னால் அந்தோணியம்மாள் நிற்கிறாள். உண்மையா என்று ஒரு குரல் கேட்கிறது. அவள் தலையை ஆட்டுகிறாள்.

பாஸ்கல் அந்த வீட்டுக்குப் போனது உண்மை. சொந்தம் என்பதும் உண்மை, அதைப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தது இவர்களேதான். எல்லாம் இவருக்குத் தெரியும் என்பது பொய், ஆனால் இவரே பொய் சொல்லி அகப்பட்டுவிட்டார். இனி எதை மறுப்பது? அதிகாரி கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி பாக்கி என்றார். பட்டியலில் நூற்றுக்கணக்கான பேர் வாங்கத் தயாராக இருந்தார்கள், இவனைவிட அதிக விலை கொடுப்பவர்களும் இருந்தார்கள், அவர்களையெல்லாம் விட்டுவிட்டு இவனுக்கு ஏன் விற்றீர்கள்?

இதற்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மனுஷன் அந்த இடத்தில் போய் உண்மையைச் சொன்னார். பேரைப் பார்த்து, எங்க ஆள் என்று நம்பி விற்றேன் என்றார். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார். தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் நிறைந்திருந்த மூன்று பக்கத்தில் பாஸ்கல் கையெழுத்துப் போட்டார். கைது செய்யவில்லை, கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். விசாரணை என்று இருந்த இடத்தில் வழக்கு எண் ஏறியது.

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். எமில்டா அழவில்லை. வழியில் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பிறகு அலமாரி மேல் பிரிக்காமல் கிடந்த கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். ஏட்டு வந்தார். வாசலில் நின்றபடியே, “கேஸ் நம்பர் இருக்கு அண்ணாச்சி, நான் என்னன்னு எழுத?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கம்பெனி எட்டாம் தேதி வரைக்கும் காத்திருந்து, வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதியது. புதுச் சான்றிதழ்கள் இரண்டும் பிளாஸ்டிக் உறையோடு மேஜையில் கிடந்தன. அவற்றுக்கு ஐந்து வருஷம் ஆயுள்.

ஜோன்ஸுக்கு ஜாமீன் கிடைத்ததாகக் கேள்வி. விவரம் தெரியாத பிள்ளை, சொந்தக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டுக் கெட்டுவிட்டான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அந்தச் சொந்தக்காரர் எந்த வீட்டு ஆள் என்று யாரும் கஷ்டப்பட்டுத் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு போன் போதும்.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். எடுத்ததும் பேச்சுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல் கேட்டது. எந்த வகை இயந்திரம், எத்தனை சிலிண்டர் என்று அவரால் சத்தத்தை வைத்தே சொல்ல முடியும். பேசியவன் சின்ன வயசுக்காரன்.

“அண்ணாச்சி, நான் ராயன் வாஸ், மணப்பாடு. நேத்துதான் சிங்கப்பூர்ல ஏறினேன். குரூ லிஸ்ட்ல உங்க பேர அச்சடிச்சு, அதும் மேல கோடு போட்டிருக்கு. நம்ம ஆளு ஒருத்தர் வர வேண்டியதாச்சேன்னு மனசு கேக்கல, சீஃப்ட்ட நம்பர் வாங்கினேன். நீங்க எந்த வீட்டு மச்சாது?”

பாஸ்கல் மேஜையில் கிடந்த சான்றிதழ்களைப் பார்த்தார். அந்தப் பையன் லைன் கட்டாகிவிட்டதோ என்று அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல” என்றார்.

“தூத்துக்குடி பாஸ்கல் மச்சாதுதானே அண்ணாச்சி?”

“இல்ல. எனக்கு அந்த ஊரே இல்ல.”

போனை வைத்தார். யார் என்று உள்ளேயிருந்து எமில்டா கேட்டாள். தெரியாத ஆள் என்று சொல்லிவிட்டு, அந்த நம்பர் மறுபடி வராதபடி தடுத்து வைத்தார்.